அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்

மில்லிக்கன், ரொறன்ரோ
1995 மாசி 12

அன்புள்ள அக்கா,

உங்கள் தைமாதக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உங்கள் ஊர் மடத்துச் சிஸ்ரர் பேர்ணடெற் சைப்பிரசுக்குப் போன யாரிடமோ கொடுத்துவிட்டிருக்கிறா. முத்திரை அந்த ஊருடையது. ஐந்து கிழமை எடுத்திருக்கிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் வெண்புரை முற்றிவிட்டது. முகம் தெரிகிறது, எழுத்துத் தெரிவதில்லை. நான் வாசிக்க, கட்டிலில் சாய்ந்து முகட்டைப் பார்த்தபடி கேட்டா. முடிந்ததும் வழக்கமான கேள்வி: "மூத்தவளின்ரை அலுவல் எந்த மட்டில நிக்குது?"

"நடக்குதம்மா" என்றேன்.

றெமி அண்ணா சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல், "நாலு வருஷமா நடக்குது. இவ்வளவுக்கு நடந்தே கனடாவுக்கு வந்திருக்கும்" என்றார். அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அலுவல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த நாட்டில் எல்லாக் கடதாசியும் ஆறுதலாகத்தான் நகரும். நான் மொழிபெயர்க்கப் போகும் லோயர் கந்தோரில் அதைவிடப் பழைய பைல்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன.

சூசைதாசன் என்பவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "மன்னார் ஆள், நல்ல மனிசன், என்னைக் கட்டக் கேக்கிறார்" என்று. அந்த வரியை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. வீணாக யோசிப்பா. போன வருஷம் எழுதியதைத்தான் இப்போதும் எழுதுகிறேன். கல்யாணம் கட்டாத பிள்ளை என்றபடியால்தான் தாயோடு சேர்க்கக் கேட்கலாம். கட்டினால் அந்தக் கதவு பூட்டுப்படும். இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

நூலகத்தில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். பெய்ரூத் என்ற பெயரே கிணறுகளைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். றோமருடைய காலத்தில் அங்கே பெரிய சட்டப் பள்ளி இருந்ததாம். பூமி நடுங்கி, கடல் பொங்கி, ஊரோடு அதுவும் அழிந்துபோனதாம். அதையெல்லாம் தேடி இப்போது மண்ணைக் கிண்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எப்படியிருக்கிறது அந்த இடம்? விரிவாக எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
யூஜினி


பெய்ரூத்
1995 பங்குனி 19

தங்கச்சி யூஜினிக்கு,

இன்றைக்குச் சூசையப்பர் திருநாள். பூசை முடிந்து கோயில் விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். நாலு மணிக்கு வேலைக்கு மதாம் வீட்டில் நிற்க வேணும்.

நீ ஊரைப் பற்றிக் கேட்டாய். சொல்லுகிறேன். மதாம் ஒடெத்தின் தகப்பனுக்குத் துறைமுகத்துக்குக் கிட்டப் பழைய கடைத்தெருவில் புடைவைக் கடை இருந்தது. பதினைந்து வருஷச் சண்டையில் அந்தத் தெருவுக்குள்தான் இரண்டு பக்கமும் நின்று சுட்டார்கள். கடைகளுக்குள்ளே அத்திமரம் வளர்ந்து கூரையால் வெளியே வந்ததாம். இப்போது ஊர் நடுவை முழுக்க ஒரு கொம்பனி எடுத்துக் கட்டுகிறது. கடைக்காரருக்குக் கடை இல்லை, பங்குப் பத்திரம். மதாம் அதைச் செபமாலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. "கடையைக் கேட்டேன், கடதாசி தந்தார்கள்" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவா.

ஒவ்வொரு வியாழனும் உதட்டுச் சாயம் பூசி, நல்ல சப்பாத்துப் போட்டு, என்னையும் ரக்சியில் கூட்டிக்கொண்டு போவா. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கடை இருந்த இடத்தைப் பார்ப்பா. அங்கே இப்போது இருப்பது தோண்டின கிடங்கு. பெரிய கிடங்கு, நம்முடைய கோயில் உள்ளே இறங்கும். மேலே தார். அதற்குக் கீழே துருக்கியர் போட்ட கல். அதற்குக் கீழே அரபிகளின் கிணறு ஒன்று, வாய் வட்டமாக. அதற்கும் கீழே உன்னுடைய றோமர்களின் தூண். அடியில் யேசு பிறக்க முந்தியே யாரோ கட்டின சுவர். தொப்பி போட்ட ஆட்கள் குந்தியிருந்து பல் துலக்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லாகத் தூரிகையால் துலக்குகிறார்கள். அறுபது அடி தள்ளிப் புல்டோசர் நிற்கிறது. இவர்கள் எழும்பினால் அது இறங்கும். அள்ளுகிற மண்ணும் உடைந்த கட்டிடமும் கடலுக்குள் போகிறது. கடல் நாளுக்கு நாள் தரையாகிறது. அதிலே ஹோட்டல் வரும் என்கிறார்கள்.

அந்தக் கிடங்குக்குள் கடல்தண்ணி ஊறும். அதை இறைக்கிற பம்புகளைப் பார்ப்பவர்தான் சூசைதாசன். நாங்கள் பழகினதும் அப்படித்தான். மழைநாள், நான் மதாமுக்குக் குடை பிடித்துக்கொண்டு, "இந்தப் பள்ளத்தைப் பார்க்க இவ்வளவு சோடனை" என்று எங்கள் பாசையில் புறுபுறுத்தேன். கீழேயிருந்து ஒரு குரல்: "பிள்ளை, குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடியும். அவவுக்குச் சோடனை, எனக்கு முழுக்கு."

மூன்று தரம் கேட்டுவிட்டார். மூன்று தரமும் கனடா என்றேன். கடைசி முறை என்ன கேட்டார் தெரியுமா? "உந்தக் கனடா எண்டது உண்மையிலை இருக்கிற இடமோ, இல்லாட்டி உம்மடை தங்கச்சியின்ரை கடிதத்துக்குள்ளை மட்டும்தானோ?"

எனக்கு முப்பத்திமூன்று நடக்கிறது. அலுவல் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதுகிறாய். எங்கே போகிறது? ஆருடைய மேசையில் கிடக்கிறது? இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு மூன்று வரி, பிறகு ஊர்க்கதை. நான் இந்த ஊரில் தரை துடைக்கிறேன், யூஜினி. ஊரை எனக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் எழுது.

அம்மாவின் கண்ணுக்கு என்றைக்கு வெட்டுவார்கள்?

அக்கா
அருள்நாயகி


மில்லிக்கன்
1995 சித்திரை 30

அன்புள்ள அக்கா,

கண்ணுக்கு நாள் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அடுத்த வருஷமாகலாம் என்றார்கள்.

நீங்கள் கோபமாய் இருக்கிறீர்கள். இருக்கத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தை ஸ்ரீல்ஸ் வீதி பஸ்ஸில் இரண்டு தரம் வாசித்து இறங்க வேண்டிய தரிப்பை விட்டுவிட்டேன். பனி உருகிச் சேறான ஓரத்தால் நடந்து வந்தேன்.

போன கிழமை கந்தோருக்குச் சந்திரவதனா என்றொரு அன்ரி வந்தா. புருஷனைக் கூப்பிட விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பிள்ளைகளின் பெயர் எழுதும் பக்கம் வந்ததும், "மூத்தவன் பிரான்சில நிக்கிறான் பிள்ளை. அவனைப் போட்டால் இழுபடும். விடும், பிறகு பாப்பம்" என்றா. நான் பேனையை வைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனேன். திரும்பி வரும்போது லோயர் தானே இருந்து நிரப்பிக்கொண்டிருந்தார். "உமக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். தலையிடி என்றேன். எல்லாப் பிள்ளைகளையும் எழுதியிருந்தார்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அலுவலைப் பற்றி அடுத்த கடிதத்தில் விளக்கமாக எழுதுகிறேன். அவருக்கு முடிவாக "இல்லை" என்று சொல்லிவிட வேண்டாம்.

யூஜினி


பெய்ரூத்
1995 ஆனி 18

தங்கச்சி,

"இல்லை என்று சொல்ல வேண்டாம்" என்கிறாய். "ஓம்" என்று சொல்லவும் வேண்டாம் என்கிறாய். அந்த மனிதனை நான் என்ன செய்கிறது? குளிர்ப்பெட்டிக்குள் வைக்கவா?

இங்கே ஒரு புதினம். மதாமின் கடைக்குப் பின்தெருவில் இன்னும் இடிக்காத மூன்றுமாடி ஒன்று நிற்கிறது. கதவு யன்னல் ஒன்றும் இல்லை, சுவர் முழுக்கக் குண்டுத்துளை. சண்டைக் காலத்தில் தெற்கிலிருந்து ஓடிவந்த சனம் பத்து வருஷமாக அதற்குள் இருக்கிறது. இப்போது அவர்களை எழுப்பி வெளியே அனுப்பப் போகிறார்கள். ஒரு கந்தோர்க்காரன் பட்டியலோடு வந்தான், எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுத. பட்டியலில் பெயர் இருந்தால்தான் போகிற இடத்துக்கு ஏதாவது கிடைக்கும். நீ அந்தக் கூத்தைப் பார்க்க வேணும். ஒரு தாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் இழுத்துத் தன் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறாள். ஒருத்தி வயிற்றைக் காட்டி, "இதுவும் ஒன்று, எழுது" என்கிறாள். கந்தோர்க்காரன் பேனையை உதறி, "பிறந்த பிறகு எழுதுகிறேன்" என்கிறான். அவள் விடவில்லை. "பிறக்கும்போது நீ இங்கே நிற்பாயோ?" சூசைதாசன் கிடங்குக்குள் நின்று சிரிக்கிறார். "பாத்தீரே அருள், ஒரு தாய் பட்டியலிலை பிள்ளையைக் கூட்டிப் போடுவாளே தவிரக் குறைச்சுப் போடமாட்டாள்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு அம்மாவை நினைத்து அழுகையும் வந்தது. அவவும் கொழும்பில் லைனில் நின்று என் பெயரை அப்படித்தான் சொல்லியிருப்பா.

இனி விஷயம். அவருடைய வேலை மார்கழியோடு முடிகிறது. பிறகு சைப்பிரசில் தமையனிடம் போகிறார். "நத்தார் வரைக்கும் கேப்பன். அதுக்குப் பிறகு கேக்கிறது மரியாதை இல்லை" என்றார்.

மதாமின் மருமகன் பயண முகவர் வேலை பார்க்கிறான். கனடாத் தூதரகத்தில் அவனுக்கு ஆட்களைத் தெரியும். பைல் நம்பரைத் தந்தால் கேட்டுச் சொல்வானாம். நம்பரை எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை. நம்பர் மட்டும்.

அருள்நாயகி


மில்லிக்கன்
1995 ஆடி 9

அக்கா,

நம்பர் இல்லை.

நாலு நாளாக இந்த இரண்டு சொல்லுக்கு மேலே எழுத முடியாமல் இருந்தேன். இனி எழுதுகிறேன்.

1991 ஆனி. நீங்கள் பெய்ரூத்துக்குப் போய் நாலு மாதம். அம்மாவும் நானும் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜில். றெமி அண்ணா அனுப்பிய விண்ணப்பத்தை நிரப்ப, லொட்ஜில் எல்லாருக்கும் படிவம் நிரப்பும் ஒரு மாஸ்டர் வந்தார். அப்போதிருந்த சட்டப்படி கல்யாணம் கட்டாத பிள்ளை எந்த வயதென்றாலும் தாயோடு வரலாம். நீங்களும் வந்திருக்கலாம். மாஸ்டர் சொன்னார்: "பெய்ரூத்திலை கனடாக்காரன்ரை கந்தோர் பூட்டிக் கிடக்கு. மூத்தவவின்ரை மெடிக்கலும் பொலிஸ் றிப்போட்டும் வாற வரைக்கும் உங்கடை பைல் அசையாது. இப்ப விடுங்கோ, போய்ச் சேர்ந்தாப்பிறகு கூப்பிடலாம்."

அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. எனக்கு ஓடும். அந்தப் பக்கத்தின் தலைப்பில், உடன் வருகிறவர் ஆனாலும் வராதவர் ஆனாலும் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதும்படி இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். பிறகு றெமிஜியஸ், யூஜினி என்று இரண்டு பெயர் எழுதினேன். மூன்றாவது வரியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

அம்மா கையொப்பம் வைக்க வந்தா. "எல்லாரையும் எழுதினியோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.

அதற்கு இரண்டு நாள் முந்தி லொட்ஜிலிருந்த இளம் பெண்களையெல்லாம் பொலிசார் ஏற்றிக்கொண்டு போய், பகல் முழுக்கப் பொலிஸ் நிலையத்து மரவாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். ஒருவனும் என்னைத் தொடவில்லை. ஆனால் எழும்பி வரும்போது இந்த நாட்டில் இன்னும் ஒரு மாதம் இருக்க மாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. பயந்தவள் எல்லாரும் அக்காவின் பெயரை வெட்டுவதில்லை. அந்த லொட்ஜிலேயே எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் பெரிய மகனுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

இங்கே வந்து அந்தக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துகொண்டேன். விண்ணப்பத்தில் இல்லாத பிள்ளையைப் பிறகு கூப்பிட முடியாது. சட்டமும் மாறிவிட்டது. இப்போது உங்கள் பெயரைச் சொன்னால் அம்மாவின் பைலைத் திறப்பார்கள். பொய் சொல்லி வந்தவ என்று எழுதுவார்கள். அதனால் நான் ஒரு கடதாசியும் போடவில்லை. ஒரு மேசையிலும் ஒன்றும் கிடக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது. அவர் லோயர் கந்தோரில் வேலை செய்கிற தங்கச்சியை நம்பியிருக்கிறார்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. போன வருஷம் கல்யாணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். கட்டுங்கள் என்று எழுதினால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்பதற்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டும். அதனால் கட்ட வேண்டாம், பைல் கெடும் என்று எழுதினேன். இல்லாத பைல். முதலாவது பொய் பயத்தில் ஒரு நாள் சொன்னது. இதை நான் மேசையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நல்ல எழுத்தில் எழுதினேன். இந்த மாசியிலும் எழுதினேன்.

ஊர்க்கதையை ஏன் கேட்டேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தத் தாய்மாரைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் கடிதத்தை மடித்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தேன்.

அவரிடம் "ஓம்" என்று சொல்லுங்கள், அக்கா. எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.

யூஜினி


மில்லிக்கன்
1995 புரட்டாதி 10

அக்கா,

இரண்டு மாதம் ஆகிறது. கடிதம் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேராமல் இருந்தால் நல்லது என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

திட்டியாவது நாலு வரி போடுங்கள். அம்மா ஒவ்வொரு நாளும் தபால் வந்ததா என்று கேட்கிறா.

யூஜினி


பெய்ரூத்
1995 ஐப்பசி 8

யூஜினி,

கடிதம் ஆவணி முதல் ஞாயிறு சேர்ந்தது. நான் திட்ட எழுதவில்லை. திட்டினால் உனக்குச் சுகமாக இருக்கும்.

இரண்டு கிழமை வேலை செய்தேன், சாப்பிட்டேன், ஒருவரோடும் பேசவில்லை. மதாம் பயந்து டொக்டரைக் கூப்பிட்டா. வியாழக்கிழமை சூசைதாசனிடம் சொன்னேன், அப்படி ஒரு பைல் இல்லையாம் என்று. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பம்பை நிறுத்திவிட்டு ஏணியால் ஏறி வந்து, "அப்ப நாலு வருஷமா நீர் ஆருக்குக் காத்திருந்தனீர்?" என்று கேட்டார். மேற்பார்வைக்காரன் கிடங்கு நிரம்புகிறது என்று கத்தும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

நத்தார் முடிந்த புதன்கிழமை கல்யாணம். சிஸ்ரர் பேர்ணடெற் பூசை வைக்கிற சுவாமியோடு பேசிவிட்டா. மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் சொல்லிக் கல்யாணத்தை அறிவிக்க வேணும். அதற்கு முதல் இரண்டு கடதாசி வேணும். ஒன்று என்னுடைய ஞானஸ்நானக் கடதாசி. மற்றது, நான் முந்திக் கல்யாணம் கட்டாதவள் என்று பெற்ற தாய் உங்கள் பங்குச் சுவாமிக்கு முன்னால் சத்தியம் செய்து வைக்கும் கையொப்பம்.

இத்தோடு அம்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ எனக்கு எழுதியது முழுவதும் அதில் என் வாயால் இருக்கிறது. நீதான் வாசிக்க வேணும். ஒரு வரியும் விடக்கூடாது. கார்த்திகை மாதம் இரண்டாம் ஞாயிறு மடத்திலிருந்து ரெலிபோன் எடுப்பேன். அம்மாவைக் கூப்பிட்டு, கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்பேன்.

அருள்நாயகி


மில்லிக்கன்
1995 கார்த்திகை 5

அக்கா,

வாசித்தேன். போன சனிக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. அண்ணாவையும் இருக்கச் சொன்னேன். ஒரு வரியும் விடவில்லை. "அம்மா, உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்" என்ற இடத்தில் அண்ணா "நிப்பாட்டு" என்றார். அம்மா, "வாசி" என்றா.

முடிந்த பிறகு அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்தா. பிறகு, "அண்டைக்கு நான் கேட்டனான் எல்லே?" என்றா.

"ஓம்."

"நீ ஓம் எண்டனீ."

"ஓம், அம்மா."

"படிச்ச பிள்ளை எண்டு நான் பேனையை உன்னட்டைத் தந்தனான்."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, அழவில்லை. எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போனா. அன்றிலிருந்து என் கையால் சாப்பாடு வாங்குவதில்லை. அண்ணா போட்டுக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறா. அவர் கறி கொதிக்கமுந்தி இறக்குகிறவர். அம்மா அதையும் சாப்பிடுகிறா.

செவ்வாய்க்கிழமை அம்மாவே தன் கைப்பெட்டியைத் திறந்தா. அதற்குள் மூன்று பேருடைய ஞானஸ்நானக் கடதாசியும் பொலித்தீன் பைக்குள் இருக்கின்றன. மடுக் கோயிலுக்கு அகதியாக ஓடும்போதும், கொழும்புக்கு வரும்போதும், விமானத்திலும் மடியில் வைத்திருந்தவை. தடவிப் பார்த்து உங்களுடையதைச் சரியாக எடுத்தா. கேட்டேன், எப்படித் தெரியும் என்று. அண்ணாவைப் பார்த்துப் பதில் சொன்னா: "முதல் பிள்ளையின்ரை கடதாசிதான் கூட மடிஞ்சது."

சுவாமியிடம் போனோம். அவர் தந்த படிவத்தில் தாயின் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் கேட்டிருந்தது. அண்ணா என்னைத் தனியே இழுத்து, "உது இமிக்கிரேசனுக்குப் போகுமோ? அம்மாவுக்கு ஏதும் வருமோ?" என்று மெல்லக் கேட்டார். அம்மாவின் காதுக்கு ஒரு பழுதும் இல்லை. "என்னைத் திருப்பி அனுப்பினால் நான் என்ரை மூத்தவளிட்டைப் போறன். கலியாணத்துக்கு ஆள் வேணும்தானே" என்றா. சுவாமி இருமிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். மூன்று பெயரையும் அம்மா சொல்லச் சொல்லச் சுவாமியே எழுதினார். என்னிடம் பேனை தரவில்லை.

இரண்டு கடதாசியும் இதனோடு இருக்கின்றன. பதிவுத் தபாலில் சிஸ்ரரின் பெயருக்கு அனுப்புகிறேன்.

லோயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பூட்டிவிட்டுக் கேட்டார். எழுதியது நான், அம்மா ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் கையொப்பம் வைத்தவ என்று நான் சத்தியக் கடதாசி கொடுத்தால் அம்மாவுக்குப் பெரும்பாலும் தீங்கு வராது என்றார். எனக்கு வரலாம். கொடுக்கப் போகிறேன். இதனால் நீங்கள் இங்கே வர முடியாது. பட்டியலில் உங்கள் பெயர் ஏறும், அவ்வளவுதான். அந்தக் கந்தோரில் இனி என்னை வைத்திருக்க ஏலாது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

யூஜினி


பெய்ரூத்
1996 தை 14

யூஜினி,

கல்யாணம் முடிந்தது. இருபத்தேழாம் திகதி, பத்து மணிப் பூசை. இலங்கைப் பிள்ளைகள் முப்பது பேர் வரை வந்தார்கள். பாதிப் பேர் தங்கள் மதாம்மாரிடம் செத்தவீடு என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். மதாம் ஒடெத் முன்வாங்கில் இருந்து, தன் மகளின் கல்யாணம் போல மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தா. பிறகு என் காதில், "திங்கட்கிழமை வருவாய்தானே?" என்று கேட்டா.

சூசைதாசன் சைப்பிரசுக்குப் போகவில்லை. கொம்பனி அவருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. புதுக் கட்டிடங்களுக்கு நிலக்கீழ் அறை நாலு தட்டு இறங்குகிறதாம், தண்ணி ஊறுவது நிற்கப் போவதில்லை. மதாமின் கடை இருந்த கிடங்கை மூடிவிட்டார்கள். கிணற்றின் கல்லை நம்பர் போட்டுக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். சுவரை ஒரு துண்டு விட்டிருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்களுக்கு. மேலே கொங்கிறீற். மதாம் இனி வியாழன்களில் போவதில்லை. நாங்கள் துறைமுகப் பக்கம் சின்ன அறை ஒன்று பார்த்திருக்கிறோம். யன்னலால் பார்த்தால் பாரந்தூக்கிகள்தான் தெரியும், எண்ணிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம்.

கேட்டதற்குப் பதில். கல்யாணத்துக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். தங்கச்சியை மன்னிக்க ஏலாமல் இருக்கிறது என்று சுவாமியிடம் சொன்னேன். ஏலாவிட்டால் ஏலும் வரைக்கும் பொறு, கர்த்தர் அவசரப்படுவதில்லை என்றார். நானும் அவசரப்படவில்லை. உனக்கும் இனிப் பொறுக்கத் தெரிய வேணும்.

அம்மாவோடு ரெலிபோனில் கதைத்தது உனக்குத் தெரியும். சாப்பாட்டை உன்னிடம் வாங்கச் சொன்னேன். உனக்காக இல்லை. றெமியின் கறியைப் பற்றி அவ சொன்னதைக் கேட்டுச் சொன்னேன்.

இனி நீ எனக்குக் கடிதம் எழுதாதே. நான் எழுதச் சொன்ன பிறகு எழுது. அது எப்போது என்று எனக்கே தெரியாது. ஆனால் அம்மாவின் கடிதம் மாதம் ஒன்று வர வேணும். கண் வெட்டி அவவுக்கு எழுத்துத் தெரியும் வரைக்கும் நீதான் எழுதிக் கொடுக்க வேணும், றெமியின் எழுத்தைக் கடவுளாலும் வாசிக்க ஏலாது. அவ சொல்வதை எழுது. சொல்லாததை எழுதாதே. சேர்க்காதே, விடாதே.

கடைசியில் அம்மாவின் பெயர் மட்டும் போடு. உன்னுடையது வேண்டாம். எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

அருள்நாயகி